கெவ்லருக்கு ஏசி எவ்வளவு போடலாம்?

நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். கதையில் ஒரு மாய வாசல் திறந்து, ஆட்டக்காரர்கள் நம் காலத்துக்குள் வந்து, ஒரு குண்டு துளைக்காத உடுப்பு, இரண்டு செராமிக் தகடுகள், ஒரு ஏகே ரகத் துப்பாக்கி, கொஞ்சம் டைட்டானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கெவ்லருக்கு ஏசி (கவசத்தின் எண்; எதிரியின் பகடை இதை எட்டினால்தான் அடி படும்) எவ்வளவு? ரைபிள் குண்டு பிளேட் கவசத்தைத் துளைக்கும் என்றால் ஏசி 18க்கு என்ன அர்த்தம்? 2டி8 டேமேஜ், அதாவது எட்டு முகப் பகடை இரண்டை உருட்டி வரும் சேதம், ரொம்பக் குறைச்சல் இல்லையா? கேள்வி மூன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கவலை ஒன்றுதான் என்று தோன்றுகிறது: இதை உள்ளே விட்டால் மீதி ஆட்டம் தாங்குமா? தாங்கும். கெவ்லர் புதுசு, பிளேட் பழசு, அதனால் கெவ்லருக்கு ஏசி 20 என்று போட்டால்தான் தாங்காது. அப்படிப் போடுவது நிஜத்துக்கும் பொருந்தாது.

எனக்குப் பழக்கம் பொருள்களின் பக்கம். அராமிட் இழை (கெவ்லர் அந்த ரகம்தான்), கலப்புத் தகடுகள், அவற்றை உடைத்துப் பார்க்கும் வேலை. துப்பாக்கி சுடுவதில் நிபுணன் இல்லை. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நாற்காலியில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பொருள்களின் அடர்த்தி, வெப்பத் தாங்குதிறன், சோதனைத் தரங்கள் பற்றிக் கீழே சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம்; விதிப்புத்தகத்து எண்களையும் அப்படியே. இரண்டையும் சேர்த்து நான் போட்டிருக்கும் வீட்டு விதிகள் என் தீர்ப்பு மட்டும்தான். லெவல் 10 வரை மேஜையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் இல்லை.

முதலில் ஏசி. அது உலோகத்தின் வலிமையை அளக்கும் எண் இல்லை. “இந்த அடி கணக்கில் வருமா, வராதா” என்ற ஒரே கேள்விக்கு இருபது முகப் பகடையின் ஒரே வீச்சில் பதில் சொல்ல வைத்த ஏற்பாடு. விலகிக்கொள்வது, கேடயத்தில் வாங்குவது, தகட்டில் வழுக்கிப் போவது எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கின்றன. அடி விழ விழக் குறையும் ஹிட் பாயின்ட்டும் அப்படித்தான். உடல் தாங்குதிறன், மனவுறுதி, பிழைக்கும் ஆசை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. 52 ஹிட் பாயின்ட் உள்ள வீரன் ஆறு ரைபிள் குண்டுகளை மார்பில் வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்று படிக்காதீர்கள். ஐந்து குண்டுகள் உரசிப் போயின, கல்லில் பட்டுத் தெறித்தன, அவனை மூச்சு வாங்க வைத்தன, ஆறாவதுதான் பட்டது. கர்ப்ஸ், கால் ஆஃப் கதுலு போன்ற ஆட்டங்களில் கவசம் டேமேஜிலிருந்து கழிக்கும். அங்கே நவீனக் கவசத்தை நுழைப்பது சுலபம், எண்ணை மட்டும் ஏற்றினால் போதும். ஐந்தாம் பதிப்பில் அந்த வசதி கிடையாது. “எதற்கு எதிராக?” என்று ஏசி கேட்பதே இல்லை. நவீனக் கவசமோ முழுக்க முழுக்க அந்தக் கேள்வியை வைத்தே செய்யப்படுவது.

கெவ்லரை 1965இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்தார். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம், எஃகுக்கு 7.85. எடைக்கு எடை பார்த்தால் இழுவிசையில் எஃகைப் பல மடங்கு மிஞ்சும். கைத்துப்பாக்கிக் குண்டு என்பது செம்புத்தோல் போர்த்திய ஈயம். அடுக்கடுக்கான நெசவில் மோதியதும் அது நசுங்கி அகலமாகிறது. அகலமாக ஆக, மேலும் மேலும் இழைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. 9 மில்லிமீட்டர் குண்டின் ஏறத்தாழ 500 ஜூல் ஆற்றல் இப்படித்தான் கரைகிறது. கூரான கத்தி நசுங்காது. அது இழைகளை ஒதுக்கிக்கொண்டோ அறுத்துக்கொண்டோ உள்ளே போய்விடும். அமெரிக்காவின் என்ஐஜே அமைப்பு குண்டுக்கு ஒரு தரமும் கத்திக்குத் தனியாக இன்னொரு தரமும் வைத்திருப்பது இதனால்தான். கத்தித் தரத்தில் மூன்று நிலைகள்: 24, 33, 43 ஜூல். எண்களைப் பாருங்கள். 500 ஜூல் குண்டை நிறுத்துகிற உடுப்பு, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குத்தில் தோற்றுப் போகலாம். அதாவது உங்கள் ஆட்டத்தில் கெவ்லர் போட்ட மாவீரனுக்குத் துப்பாக்கிக்காரனைவிட, இருட்டில் குத்துவாளோடு வரும் கோப்ளின்தான் ஆபத்து. கூரான எஃகு முனை கொண்ட அம்பும் இதே கணக்குதான்.

குண்டு நின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. சோதனையில் உடுப்புக்குப் பின்னால் களிமண் வைப்பார்கள். 44 மில்லிமீட்டர் வரை குழி விழுந்தாலும் உடுப்பு தேறியது என்றே அர்த்தம். நாலரை சென்டிமீட்டர் குழியை உங்கள் விலா எலும்பில் வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே மென் உடுப்புக்கு நான் வைத்திருக்கும் விதி: இலகு கவசம், ஏசி 11 + டெக்ஸ் (அணிபவரின் சுறுசுறுப்புக்கான எண்), அதாவது சாதாரணத் தோல் கவசம் மாதிரியே. பதுங்கலுக்குத் தடை இல்லை, சட்டைக்குள் மறைத்துப் போடலாம். கைத்துப்பாக்கி, பழைய பிஸ்டல், ஷாட்கன் அடித்தால் டேமேஜ் பாதி, அந்தப் பாதியும் மழுங்கல் அடியாகக் கணக்கு. வாள், ஈட்டி, அம்பு, நகம், பல் எதற்கும் கூடுதலாக எதுவும் கிடையாது. ரைபிளுக்கும் கிடையாது. ஆட்டக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

செராமிக் தகடு வேறு ஜாதி. போரான் கார்பைடு (அடர்த்தி 2.5), சிலிக்கன் கார்பைடு (3.2), அலுமினா (3.9) என்று மூன்று வகை பரவலாக உண்டு. லேசாக ஆக விலை ஏறும். இவை குண்டைத் தடுக்கும் விதம் முரட்டுத்தனமானது. குண்டின் உள்ளே இருக்கும் எஃகுக் கருவைவிடச் செராமிக் கடினம் என்பதால் முனை நொறுங்கிவிடும். தகடும் அந்த இடத்தில் கூம்பு வடிவில் விரிசல் விட்டுச் சுமையைப் பரப்பும். பின்னால் இருக்கும் இழை அடுக்கு துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். தகடு தன்னை உடைத்துக்கொண்டுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. அதே இடத்தில் அடுத்த குண்டு விழுந்தால் உத்தரவாதம் இல்லை. 2008இல் வந்த என்ஐஜே தரத்தில், சாதாரண ரைபிள் குண்டுக்கான மூன்றாம் நிலைத் தகடு ஆறு குண்டுகளைத் தாங்கிக் காட்ட வேண்டும். கவசம் துளைக்கும் குண்டுக்கான நான்காம் நிலைத் தகடு ஒன்றைத் தாங்கினால் போதும். 2023இல் தரத்தைத் திருத்தி, நிலைகளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அது நமக்கு இங்கே முக்கியம் இல்லை. ஆறும் ஒன்றும் என்ற எண்கள்தான் முக்கியம், ஏனென்றால் இது ஆட்ட விதியாகவே கையில் வந்து விழுகிறது: தகடு என்பது சார்ஜ் உள்ள, அதாவது சில தடவை மட்டுமே பயன்படும் பொருள்.

தகடு பொருத்திய உடுப்பை நடுத்தரக் கவசமாக வைத்தேன். மார்புக் கவசத்தைப் போலவே ஏசி 14 + டெக்ஸ், அதிகபட்சம் 2. விதிப்படி நடுத்தரக் கவசம் போட ஐந்து நிமிடம் ஆகும். இதை ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம். அதோடு மூன்று சார்ஜ். துப்பாக்கியோ வேறு எந்த ஆயுதமோ அடித்து டேமேஜ் பகடை உருட்டிய பிறகு, எதிர்வினையை (சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் பதில் செயல்) செலவழித்து ஒரு சார்ஜ் தீர்த்தால் டேமேஜில் 2டி10 கழியும். மூன்றும் தீர்ந்தால் தகடு பொடி, ஏசி 12க்கு இறங்கும். ஏன் மூன்று என்றால், ஒன்று என்றால் அலுத்துப் போகிறது, ஆறு என்றால் மாய மோதிரம் மாதிரி ஆகிவிடுகிறது. ராணுவங்களில் செராமிக் தகடுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது உண்டு, வெளியே தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க. அதனால் 20 அடிக்கு மேல் கீழே விழுந்தவரின் தகட்டில் நான் சத்தமில்லாமல் ஒரு சார்ஜ் குறைத்துவிடுவேன். அடுத்த சண்டையில்தான் அவருக்குத் தெரியும். கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் மேஜையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

இதில் விட்டுப்போவது உடம்பில் எவ்வளவு பாகம் மூடியிருக்கிறது என்ற விஷயம். 1880 ஜூனில் ஆஸ்திரேலியாவின் கிளென்ரோவனில் நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரர், ஏர்க்கலப்பை இரும்பை வளைத்துச் செய்த ஏறத்தாழ 44 கிலோ கவசத்தோடு போலீஸாரை எதிர்த்து நின்றார். தகடு சுமார் 6 மில்லிமீட்டர். மார்பிலும் தலையிலும் பட்ட குண்டுகள் உள்ளே போகவில்லை. மூடாத காலில் சுட்டு விழ வைத்தார்கள். இன்றைய தகடு உடுப்புக்கும் இதே கதைதான். மார்பையும் முதுகையும் மூடும். தொடை, கழுத்து, கை, முகம் திறந்தே இருக்கும். ஐந்தாம் பதிப்பில் எந்த இடத்தில் பட்டது என்று பார்க்கும் விதி இல்லை, சேர்க்கவும் வேண்டாம், ஆட்டம் ஆமை வேகத்தில் நகரும். கிரிட்டிகல் ஹிட் (பகடையில் 20, டேமேஜ் பகடை இரட்டிப்பு) விழுந்தால் குண்டு தகடு இல்லாத இடத்தில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்: உடுப்பின் பாதி டேமேஜும் இல்லை, சார்ஜும் பயன்படாது. எங்கள் மேஜையில் இதற்குப் பெயரே “கெல்லி விதி”.

இப்போது ஏசி 18 பிளேட். துப்பாக்கி வந்த மறுநாளே கவசம் குப்பைக்குப் போகவில்லை. 1643 ஜூலையில், இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ரவுண்ட்வே டவுன் சண்டை. பாராளுமன்றப் படையின் சர் ஆர்தர் ஹெசில்ரிக் தலை முதல் முழங்கால் வரை கவசம் பூட்டிய குதிரைப் படையை வைத்திருந்தார். ‘நண்டுகள்’ என்றே அவர்களுக்குப் பட்டப் பெயர். ஓடுகிற ஹெசில்ரிக்கைத் துரத்திய அரச படையின் கேப்டன் ரிச்சர்ட் அட்கின்ஸ், கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்டலால் தலையில் சுட்டும் குண்டு உள்ளே போகவில்லை. பிறகு அதை எழுதியும் வைத்தார். அரசர் சார்லஸ் காதுக்கு இந்தக் கதை போனதும், ஹெசில்ரிக்குக்குக் கோட்டைச் சுவரோடு சாப்பாட்டுக் கிடங்கும் இருந்திருந்தால் ஒரு முற்றுகையையே தாங்கியிருப்பார் என்றாராம். அந்தக் காலத்துக் கவசக்காரர்கள் மார்புத் தகட்டைப் பிஸ்டலால் சுட்டு, விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டு விற்பார்கள். பள்ளம்தான் தரச் சான்றிதழ். ஜப்பானிலும் இதே வழக்கம் இருந்தது.

மஸ்கட் என்ற பழைய நீளத் துப்பாக்கியின் விஷயம் வேறு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துப் பழைய ஆயுதக் கிடங்கில் 1980களின் இறுதியில் அசல் துப்பாக்கிகளை எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். மஸ்கட் குண்டுகள் நொடிக்கு 400 மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்பின. ஆற்றல் சில ஆயிரம் ஜூல். வலுவான நீள்வில்லின் அம்பு 100 ஜூலுக்கு அக்கம்பக்கம்தான். இரண்டு மில்லிமீட்டர் எஃகு கிட்டத்தில் மஸ்கட்டைத் தாங்காது. தாங்க வைக்கத் தடிமனை ஏற்றினார்கள், எடை ஏறியது, கையையும் காலையும் மூடுவதை விட்டார்கள். கடைசியில் மார்புத் தகடும் தலைக்கவசமும் மட்டும் மிஞ்சின. ஆகவே என் விதி: பிஸ்டலுக்கு முன்னால் கவசத்தின் ஏசி முழுசாக நிற்கும். மஸ்கட், ரைபிள் போன்ற நீளத் துப்பாக்கி தன் சாதாரணத் தூரத்துக்குள் சுட்டால், உலோகக் கவசம் 10க்கு மேல் தரும் பகுதி பாதியாகும். பிளேட் 18இலிருந்து 14, சங்கிலிக் கவசம் 16இலிருந்து 13. மாயக் கவசத்தின் +1, +2 பாதியாகாது. ஷீல்ட் மந்திரம், டெக்ஸ், மிருகங்களின் இயற்கைத் தோல் எதுவும் பாதியாகாது. லெவல் 5 வீரன் பகடையோடு 7 கூட்டிச் சுடுகிறான் என்றால், பிளேட் போட்டவனை அடிக்கும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 70 ஆகிறது. உணரக்கூடிய வித்தியாசம், ஆனால் பிளேட்டுக்குக் கொடுத்த 1500 பொன் வீண் இல்லை.

இயற்கைத் தோலைத் தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாத்ஃபைண்டர் என்ற இதே ரக ஆட்டத்தின் முதல் பதிப்பு 2011இல் துப்பாக்கி விதி போட்டபோது, கிட்டத்தில் சுட்டால் கவசத்தையும் இயற்கைத் தோலையும் விட்டுவிட்டு ‘தொடு ஏசி’யை மட்டும் பார்க்கச் சொன்னது. படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பெரிய டிராகனின் பாதுகாப்பு கிட்டத்தட்ட முழுவதும் தோலில் இருக்கிறது. உடம்பு பெரிசு, விலகத் தெரியாது, தொடு ஏசி ஒற்றை இலக்கம். துப்பாக்கிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் படும். டிராகன் செதில் ரைபிளைத் தாங்குமா என்பதற்கு அறிவியல் விடை கிடையாது. 80 அடி வேகத்தில் பறக்கிற, நெருப்புக் கக்குகிற பிராணிக்கு நம் உயிரியலே பொருந்தாது. அங்கே ஆட்டத்துக்கு எது நல்லதோ அதை வையுங்கள்.

2டி8 குறைச்சலா என்ற கேள்விக்கு வருகிறேன். டிஎம் வழிகாட்டியில் இருக்கும் எண்கள்: பழைய பிஸ்டல் 1டி10, மஸ்கட் 1டி12, தானியங்கிப் பிஸ்டல் 2டி6, ரிவால்வர் 2டி8, வேட்டை ரைபிள் 2டி10, தானியங்கி ரைபிள் 2டி8. ஆற்றலை வைத்துப் பார்த்தால் மஸ்கட்டுக்கு அம்பைப் போல முப்பது மடங்கு வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். காயம் ஜூலுக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அகன்ற அம்பு முனை அறுத்துக் கொல்கிறது, அதற்கு அவ்வளவு ஆற்றல் தேவையே இல்லை. அதனால் டேமேஜை ஏற்றாதீர்கள் என்பது மட்டுமல்ல, நான் கொஞ்சம் குறைக்கவே சொல்வேன்: துப்பாக்கி டேமேஜில் டெக்ஸ் கூட்ட வேண்டாம். விளைவைப் பாருங்கள். டெக்ஸ் 18 உள்ள வில்லாளிக்கு நீள்வில்லில் சராசரி 8.5. அதே ஆளுக்குத் தானியங்கி ரைபிளில் 9. கிட்டத்தட்ட சமம். டெக்ஸ் எதுவும் இல்லாத கிராமத்து ஆளுக்கோ வில்லில் 4.5, ரைபிளில் அதே 9. துப்பாக்கி உலகத்தை மாற்றியது இப்படித்தான். நல்ல வில்லாளியை உருவாக்கச் சிறு வயதிலிருந்து பழக்க வேண்டும். மஸ்கட்காரனைச் சில வாரத்தில் தயார் செய்துவிடலாம். வீரனை அது பெரிதாக உயர்த்துவதில்லை, சாமானியனைத் தூக்கிவிடுகிறது.

பயிற்சி இல்லாத இருபது கிராமத்தார் வேட்டை ரைபிளோடு வளர்ந்த சிவப்பு டிராகனை எதிர்க்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். ஏசி 19, ஹிட் பாயின்ட் 256. பகடையில் 19, 20 விழுந்தால்தான் படும். கிரிட்டிகலையும் சேர்த்துச் சுற்றுக்குச் சராசரி 33 டேமேஜ், எட்டுச் சுற்றில் டிராகன் சாகும். வில்லோடு என்றால் சுற்றுக்கு 13.5, பத்தொன்பது சுற்று. நடுவில் டிராகன் ஒரே ஒரு மூச்சு விட்டால் இருபது பேரும் கரி, அது தனி. ஆனால் இருபதுக்குப் பதில் இருநூறு பேர் என்றால்? ஒரே சுற்றில் 330. டிராகன் இல்லை. உங்கள் உலகத்தில் துப்பாக்கி பரவினால் அரசர்களும் டிராகன்களும் கவலைப்பட வேண்டியது மாவீரர்களைப் பார்த்து இல்லை, வரி கட்ட மறுக்கும் ஊர்களைப் பார்த்து. கதைக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

தூரத்தில் புத்தகம் வேடிக்கை காட்டுகிறது. வேட்டை ரைபிள் 80/240 அடி (முதல் எண் சாதாரணத் தூரம், அடுத்தது அதிகபட்சம்), நீள்வில் 150/600 அடி. நிஜத்தில் நேர் எதிர். குகைக்குள் இது யாருக்கும் உறுத்தாது. வெளியில் சண்டை என்றால் ரைபிளுக்கும் 150/600 கொடுத்துவிடுங்கள், வாக்குவாதம் ஓய்ந்துவிடும். தானியங்கி ரைபிளின் சரமாரிச் சூட்டில் பத்துத் தோட்டா செலவழித்து 10 அடிக் கனசதுரத்துக்குள் இருக்கும் எல்லோரையும் டிசி 15 டெக்ஸ் சேவ் (பகடையில் டெக்ஸைக் கூட்டி 15 எட்டினால் தப்பிக்கும் வீச்சு) போட வைக்கலாம். சுடுகிறவர் யாராக இருந்தாலும் 15 என்பது எனக்கு ஒட்டவில்லை. 8 + தேர்ச்சி போனஸ் + டெக்ஸ் என்று மாற்றினேன். உண்மையில் மேஜையை உடைப்பது துப்பாக்கியைவிட அதனோடு சேரும் ஃபீட்கள், அதாவது பாத்திரம் எடுத்துக்கொள்ளும் சிறப்புத் திறன்கள்தான். −5 வாங்கிக்கொண்டு +10 டேமேஜ் தரும் ஷார்ப்ஷூட்டர், அதற்கு மேல் ஒரே சுற்றில் இன்னொரு செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜ் என்று அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். துப்பாக்கிக்கு ஷார்ப்ஷூட்டரின் +10 கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சத்தத்துக்கு விதி ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது: தண்டர்வேவ் மந்திரம் 300 அடி வரை கேட்கும். துப்பாக்கிக்கும் அதையே வைத்தேன். கல் சுரங்கத்துக்குள் காதை மூடாமல் சுட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் டிசி 10 கான் (உடல் உறுதி) சேவ், தவறினால் ஒரு நிமிடம் காது அடைப்பு. இரண்டு முறை சுட்ட பிறகு எங்கள் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்) தானாகவே குறுவில்லுக்குத் திரும்பிவிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கடிவாளம் தோட்டா. ஈயத்தை உருக்கி எந்தக் கொல்லரும் குண்டு வார்ப்பார். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்று கலந்து ரசவாதி கருமருந்து செய்துவிடுவார், மஸ்கட்டுக்கு அது போதும். ஏகேவுக்குப் போதாது. அதற்குப் புகையில்லா வெடிமருந்து வேண்டும். பிரான்ஸின் பால் வியேய் அதை 1884இல்தான் செய்தார். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். வாயு அழுத்தத்தில் இயங்கும் தானியங்கித் துப்பாக்கி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பித்தளைக் கூட்டை அச்சில் இழுத்துச் செய்ய வேண்டும். தோட்டாவின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் பிரைமர், அதுதான் எமன். தட்டினால் மட்டும் வெடிக்க வேண்டும், குலுக்கினால் வெடிக்கக் கூடாது. அந்த வேதியியலை ஊர்க் கொல்லரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கொண்டுவந்த தோட்டாக்களை எண்ணி எழுதி வைக்கச் சொல்லுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். நூறு தோட்டாவோடு ஒரு கதை முழுக்க ஓட்டலாம். ஒவ்வொரு குண்டுக்கும் மேஜையில் பெரிய விவாதமே நடக்கும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. நவீனப் பொருளின் நிஜமான லாபம் ஏசியில் வருவதே இல்லை. பூதங்களோடும் மந்திரங்களோடும் மோதும்போதுதான் வருகிறது. துரு அரக்கன் இரும்பு கலந்ததை மட்டும்தான் தின்னும். கெவ்லர், செராமிக், டைட்டானியம் மூன்றும் தப்பிக்கும், துப்பாக்கி போய்விடும். உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சும் ஹீட் மெட்டல் மந்திரம் கெவ்லரை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே தோட்டா ஏற்றிய துப்பாக்கி மேல் போட்டால் செஞ்சூட்டில் அது தானாக வெடிக்கும் என்றே நான் தீர்ப்புச் சொல்வேன். தொட்டு மின்னதிர்ச்சி தரும் ஷாக்கிங் கிராஸ்ப் மந்திரத்துக்கு உலோகக் கவசத்தின் மேல் கிடைக்கும் அனுகூலம் இங்கே கிடைக்காது. ட்ரூயிட்கள் (இயற்கையின் சக்தியால் மந்திரம் போடுபவர்கள்) உலோகக் கவசம் போட மாட்டார்கள் என்று விதி இருக்கிறதே, அவர்களுக்குக் கெவ்லரும் செராமிக்கும் வரப்பிரசாதம். சுட்ட மண் தகட்டுக்கு எந்த வன தேவதை ஆட்சேபம் சொல்லும்?

மறுபக்கமும் உண்டு. கெவ்லர் இழையை ஆலையில் நூற்பதே அடர் கந்தக அமிலத்தில் கரைத்துத்தான். கருப்பு டிராகனின் அமில மூச்சு பட்டால் உடுப்பு நாசம். சேவ் தவறினால் உடுப்பு போச்சு, தேறினால் பாதி டேமேஜ் விதி மட்டும் போச்சு என்று வைக்கலாம். நெருப்புக்கு அராமிட் உருகாது, சில நூறு டிகிரி வரை தாங்கிப் பிறகுதான் கருகும். ஆனால் உடுப்பில் இருப்பது கெவ்லர்தானா என்று முதலில் கேளுங்கள். டைனீமா போன்ற பாலிஎத்திலீன் இழையிலும் உடுப்பும் தகடும் செய்கிறார்கள். தண்ணீரைவிட லேசு, மிதக்கும், கடற்பயணக் கதைக்கு அருமை. 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஃபயர்பால் (நெருப்புக் கோள மந்திரம்) சேவில் தவறியவரின் பாலிஎத்திலீன் தகட்டில் இரண்டு சார்ஜ் போகும்.

டைட்டானியத்துக்குப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். அடர்த்தி 4.4, எஃகில் பாதியைவிடச் சற்று அதிகம். நன்றாகக் கடினப்படுத்திய எஃகோடு அதே தடிமனில் போட்டி போட முடியாது, அதே எடையில் தடிமனாகச் செய்துகொள்ளலாம். மித்ரல் என்ற லேசான கற்பனை உலோகக் கவசத்துக்குப் புத்தகம் கொடுத்திருக்கும் சலுகை அப்படியே பொருந்தும்: பதுங்கல் தடை இல்லை, வலிமை நிபந்தனை இல்லை, ஏசி மாறாது. ஊர்க் கொல்லரிடம் கொடுத்து அடித்துத் தரச் சொன்னால் மட்டும் விட்டுவிடாதீர்கள். செஞ்சூட்டில் டைட்டானியம் காற்றை உறிஞ்சி மேல் அடுக்கு நொறுங்கலாகிவிடும். குள்ளர் பட்டறைக்கு ஒரு பயணம், ஒரு தனி சாகசம் என்று இழுத்துக்கொள்ளலாம். நவீனக் கடின எஃகில் முழுப் பிளேட் செய்தால், இன்னொரு கற்பனை உலோகமான அடமான்டைனின் ‘கிரிட்டிகல் சாதாரண அடியாகும்’ சலுகையைக் கொடுத்து, நீளத் துப்பாக்கிக்கு எதிராக ஏசியைப் பாதியாக்காமல் விடுவேன். அதற்கு ஈடாக ஒரு மடங்கு கூடுதல் எடை.

கடைசியாக, தோட்டாப் பையோடு நிற்பவர் மேல் ஃபயர்பால் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வரும். குழலுக்கு வெளியே இருக்கும் தோட்டா நெருப்பில் வெடித்தாலும் அடைப்பு இல்லாததால் கூடுதான் கிழியும், குண்டு வேகமாகக் கிளம்பாது. நான் 1டி4 மட்டும் போட்டு, பையில் பாதித் தோட்டா போச்சு என்பேன். ஆனால் அவர் இடுப்பில் கருமருந்துக் கொம்பும் தொங்குகிறது என்றால் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது: 10 அடிக்குள் எல்லோருக்கும் 3டி6. பீப்பாய் என்றால் 7டி6.